யாரும் சொல்லாத வியாதி: வாய் நாற்றத்தின் கதை

1)
போன மாசம் ஒரே வாரத்துல ரெண்டு பேர் என்கிட்ட வந்தாங்க. ரெண்டு பேருக்கும் விஷயம் ஒண்ணுதான். ஆனா நேர் எதிர்.

அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்திச் சொல்றேன். இது நீளமான த்ரெட். கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் மருத்துவம். கடைசி வரைக்கும் படிங்க. உங்க வீட்டுலயே யாருக்காவது உதவலாம்.

2)
முதல் ஆள், 24 வயசுப் பொண்ணு. அம்மாவோட வந்தாங்க. முகத்துல மாஸ்க். கழட்டச் சொன்னா கையால வாயைப் பொத்திக்கிட்டுப் பேசறாங்க.

"என் வாய் நாறுது டாக்டர். ஆபீஸ்ல நான் பக்கத்துல போனா மூக்கைத் தேய்ச்சிக்கறாங்க. வேலையை விட்டுட்டேன்."

ஒரு நாளைக்கு ஆறு தடவை பல் தேய்க்கிறாங்க. மூணு விதமான மவுத்வாஷ். பரிசோதிச்சுப் பார்த்தேன். பல் சுத்தம், ஈறு சுத்தம், நாக்கு சுத்தம். பக்கத்துல உட்கார்ந்து பேச வச்சுப் பார்த்தேன். எந்த நாற்றமும் இல்லை.

"நானும் சொல்லிட்டேன் டாக்டர், நம்ப மாட்டேங்கறா"ன்னு அம்மா அழுதாங்க.

3)
ரெண்டாவது ஆள் 52 வயசுக்காரர். சுகர் செக்கப்புக்கு வந்தார். வாயைத் திறந்ததும் எனக்கு நாற்காலியைப் பின்னாடி தள்ளணும் போல இருந்தது. ஈறு வீங்கி, பல்லெல்லாம் காரை.

"வாயில ஏதாவது தொந்தரவு இருக்காங்க?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லையே டாக்டர்!"

பக்கத்துல அவர் மனைவி. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க. அந்த ஒரு திருப்பல்ல இருபது வருஷக் கதை இருந்தது.

4)
நாற்றம் இல்லாதவர் இருக்குன்னு உயிரை விடறார். இருக்கறவருக்கு இருக்கறதே தெரியலை. ஏன் இப்படி?

இதுக்குப் பதில் தேடினா கிரேக்கத்துல ஆரம்பிச்சு, ஹாலந்து வழியா அமெரிக்க விளம்பரக் கம்பெனிகள் வரைக்கும் போக வேண்டியிருக்கு. வாங்க போகலாம்.

5)
கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க், சுமார் 1900 வருஷங்களுக்கு முன்னாடி ஒரு சம்பவம் எழுதி வச்சிருக்கார்.

சிசிலித் தீவுல சிராக்யூஸ் நகரத்தை ஆண்டவர் ஹியரான். ஒரு நாள் எதிரி ஒருத்தன் அவரோட வாய் நாற்றத்தைச் சொல்லி அவமானப்படுத்திட்டான். கோபமா வீட்டுக்குப் போய் மனைவிகிட்ட, "இத்தனை நாளா நீ ஏன் என்கிட்ட சொல்லலை?"ன்னு கேட்டார்.

அந்தம்மா சொன்ன பதில்: ஆம்பளைங்க எல்லாருக்குமே இப்படித்தான் நாறும்னு நினைச்சேன்!

6)
சிரிப்பா இருக்குல்ல? ஆனா புளூட்டார்க் இதைச் சொன்னது சிரிக்க வைக்க இல்லை. எதிரிகளால நமக்கு என்ன லாபம்ங்கறதைப் பத்தின கட்டுரையில சொல்றார். நம்ம மேல பிரியம் உள்ளவங்க சொல்லத் தயங்கறதை எதிரி சொல்லிடுவான்ங்கறது அவர் வாதம்.

இந்த வியாதியோட மூல சிக்கலே இதுதான். தன் முதுகு தனக்குத் தெரியாதுன்னு சொல்வாங்க. தன் வாய் நாற்றமும் அப்படித்தான். எப்பவும் கூடவே இருக்கற வாசனையை மூக்கு பழகிடும். உள்ளங்கையில ஊதி மோந்து பார்க்கறதெல்லாம் நம்பகமான டெஸ்ட் கிடையாது. அதனால இந்த வியாதியைக் கண்டுபிடிக்க இன்னொரு மனுஷன் வேணும். அந்த மனுஷன் வாயைத் திறக்கணும்.

7)
பழைய சமூகங்கள் இதை எவ்வளவு பெரிய விஷயமா பார்த்தன தெரியுமா? யூதர்களோட தால்முத்ல, எந்தெந்தக் குறை இருந்தா மனைவி விவாகரத்து கேட்கலாம், கணவன் கொடுத்தே ஆகணும்னு ஒரு பட்டியல் இருக்கு. அதுல ஒரு சொல்லுக்கு உரை சொன்ன அறிஞர்கள் சிலர் மூக்கு நாற்றம்னும், சிலர் வாய் நாற்றம்னும் விளக்கம் தர்றாங்க.

ஆக, கூட வாழறவங்க படற கஷ்டத்தை அன்னிக்கே சட்டம் ஏத்துக்கிட்டிருக்கு. ஆனா அந்த நாற்றம் எங்கிருந்து வருதுன்னு யாருக்கும் தெரியாது.

8)
அதைக் கண்ணால பார்க்கற வழியைத் திறந்து விட்டவர் டாக்டர் இல்லை. ஹாலந்துல டெல்ஃப்ட் ஊர் துணி வியாபாரி, ஆன்டனி வான் லீவன்ஹூக்.

துணியோட இழையைப் பார்க்க லென்ஸ் பிடிச்ச கை, அப்புறம் கண்ணுல பட்டதையெல்லாம் லென்ஸுக்கு அடியில வச்சுப் பார்க்க ஆரம்பிச்சுது. 1683 செப்டம்பர்ல லண்டன் ராயல் சொசைட்டிக்கு ஒரு கடிதம் எழுதறார். பொருள்: தன் பல்லிடுக்குல இருந்து சுரண்டி எடுத்த வெள்ளை மாவு.

9)
இத்தனைக்கும் அவர் தினமும் உப்பு வச்சுப் பல் தேய்க்கறவர். குச்சியால குத்தி, துணியால துடைக்கறவர். அப்படியும் அந்த மாவுல குட்டிக் குட்டி உயிர்கள் ஓடறதைப் பார்த்து அசந்துட்டார். அப்புறம் வாழ்நாள்ல பல்லே தேய்க்காத ஒரு கிழவரோட வாயில இருந்தும் எடுத்துப் பார்த்தார். அங்கே கூட்டமோ கூட்டம்.

மனுஷ வாயில இருக்கற பாக்டீரியாவை மனுஷன் முதல் முதலா பார்த்தது இப்படித்தான்.

10)
இப்ப நான் சொல்லப் போறதை நல்லா ஞாபகம் வச்சுக்கோங்க. கதையோட பின்பாதிக்கு வேணும்.

லீவன்ஹூக் வினிகர் ஊத்திப் பார்த்தார். வாயிலிருந்து எடுத்த மாவுல வினிகர் கலந்தா அந்த உயிர்கள் செத்துப் போச்சு. ஆனா வினிகரால வாயைக் கொப்பளிச்சிட்டு அப்புறம் சுரண்டி எடுத்துப் பார்த்தா, உள்ளே உயிரோட ஓடிக்கிட்டிருந்துச்சு! மேலாப்புல இருந்தது செத்தது. அடைஞ்சு கிடந்த காரைக்குள்ள வினிகர் போகவே இல்லை.

கொப்பளிச்சா மட்டும் போதாது, தேய்ச்சு எடுக்கணும். இது தெரிஞ்சு 300 வருஷத்துக்கு மேல ஆச்சு.

11)
ஆனா மருத்துவ உலகம் இதைப் பிடிச்சுக்கிட்டு உடனே ஓடலை. வாய் நாறினா "வயிறு சரியில்லை"ன்னு சொல்றதுதான் ரொம்ப காலம் பழக்கம். பேதி மருந்து கொடுத்து அனுப்புவாங்க.

1890-ல்தான் பெர்லின்ல வேலை பார்த்த அமெரிக்கப் பல் மருத்துவர் வில்லபி மில்லர், மனித வாயின் நுண்ணுயிரிகளைப் பத்தி ஒரு முழுப் புத்தகமே எழுதினார். கிருமிக் கோட்பாட்டை வாய்க்குள்ள கொண்டு வந்ததுல அவருக்குப் பெரிய பங்கு.

(இன்னிக்கும் என்கிட்ட வர்றவங்க "அல்சர்னால வாய் நாறுது, ஒரு எண்டோஸ்கோபி எழுதிக் கொடுங்க"ன்னுதான் ஆரம்பிக்கிறாங்க. பழைய பழக்கம் லேசுல போகாது.)

12)
இப்ப கதை அமெரிக்காவுக்குப் போகுது.

1867-ல் ஜோசப் லிஸ்டர்ங்கற ஆங்கிலேய அறுவை சிகிச்சை நிபுணர், கார்பாலிக் அமிலத்தால காயத்தைச் சுத்தம் பண்ணினா சீழ் பிடிச்சுச் சாகறது குறையும்னு லான்செட் இதழ்ல எழுதினார். அறுவை சிகிச்சையோட வரலாறே மாறிப் போச்சு.

1879-ல் அமெரிக்காவோட செயின்ட் லூயிஸ் நகர டாக்டர் ஜோசப் லாரன்ஸ் ஒரு கிருமிநாசினி தயார் பண்ணினார். ஆல்கஹால், தைமால், மென்தால், யூகலிப்டால். அதுக்கு லிஸ்டரோட பேரையே வச்சார்: லிஸ்டரின்.

13)
ஜோர்டன் லாம்பர்ட்ங்கற மருந்து வியாபாரி அதை வாங்கி விக்க ஆரம்பிச்சார். முதல்ல டாக்டர்களுக்கு. 1895-ல் பல் மருத்துவர்களுக்கு. 1914-ல் சீட்டு இல்லாமலே கடையில யார் வேணும்னாலும் வாங்கலாம்னு ஆச்சு.

ஓரளவு வியாபாரம் ஓடிச்சு. பிரமாதமா ஒண்ணும் இல்லை. ஏன்னா கிருமிநாசினியை ஆரோக்கியமா இருக்கறவன் எதுக்கு வாங்கணும்? வியாதி வேணுமே!

14)
1920-களின் தொடக்கம். ஜோர்டனோட மகன் ஜெரார்ட் லாம்பர்ட் கையில கம்பெனி. அவருக்குக் கடன் வேற. விளம்பரம் எழுதறவங்களோட உட்கார்ந்து, இதை எதுக்குன்னு சொல்லி விக்கலாம்னு யோசிக்கறாங்க.

வாய் நாற்றம்னு யாரோ சொன்னாங்க. சீச்சீ, அதையெல்லாம் பத்திரிகையில எப்படிப் போடறது?

அப்ப கம்பெனி வேதியியலாளர் பழைய மருத்துவக் குறிப்புகளைப் புரட்டிப் படிக்கும்போது ஒரு சொல் காதுல விழுந்துச்சாம்: ஹாலிடோசிஸ். "அது என்ன?"ன்னு கேட்டார் லாம்பர்ட். வாய் நாற்றத்துக்கு மருத்துவப் பேருன்னு பதில் வந்துச்சு. லாம்பர்ட் பின்னாடி தன் சுயசரிதையில இதைச் சொல்றார்.

15)
அந்தச் சொல்லை அவங்க உருவாக்கலை. 1874-லேயே நியூயார்க் டாக்டர் ஜோசப் ஹோவ், மூச்சுல நாற்றம் வர்ற வியாதிகளைப் பத்தித் தனிப் புத்தகம் போட்டிருக்கார். மூச்சுக்கான லத்தீன் சொல்லோட கிரேக்க வால் ஒட்டின வார்த்தை. டாக்டர்கள் புத்தகத்துல தூங்கிக்கிட்டிருந்தது.

லாம்பர்ட் செஞ்சது ஒண்ணுதான். அதை எழுப்பி வீட்டு வரவேற்பறைக்குக் கூட்டிட்டு வந்தார். "உன் வாய் நாறுது"ன்னு அச்சுல போட முடியாது. "உங்களுக்கு ஹாலிடோசிஸ் இருக்கலாம்"னு போடலாம். கௌரவமா இருக்கு. பயமாவும் இருக்கு.

16)
விளம்பரங்கள் எப்படி இருந்தன தெரியுமா? மருந்தைப் பத்திப் பேசவே இல்லை. கதை சொல்லிச்சு.

எட்னான்னு ஒரு பொண்ணு. அழகு, குணம் எல்லாம் உண்டு. தோழிகளுக்கெல்லாம் கல்யாணம் ஆயிடுச்சு. எல்லார் கல்யாணத்துலயும் இவ மணப்பெண் தோழி. இவளுக்கு மட்டும் மாப்பிள்ளை அமையலை. முப்பது வயசு நெருங்குது. காரணம் என்ன? அவளுக்கே தெரியாது. யாரும் சொல்லவும் மாட்டாங்க...

உங்க உயிர்த் தோழிகூட சொல்ல மாட்டாள்ங்கறதுதான் அந்த விளம்பர வரிசையோட பல்லவி.

17)
இங்கதான் நின்னு யோசிக்கணும்.

ஹியரான் மனைவி சொல்லலை. அது நிஜமான பிரச்சினை. அந்த நிஜத்தையே எடுத்துத் தலைகீழாப் புரட்டினாங்க. "யாரும் உன்கிட்ட சொல்லலையா? அப்ப உனக்கு இருக்கலாம்!"

இதுல இருந்து எப்படித் தப்பிக்கிறது? யாராவது "நாறுது"ன்னா, இருக்கு. யாரும் ஒண்ணும் சொல்லலைன்னா, மறைக்கிறாங்க. "இல்லவே இல்லை"ன்னு சொன்னா, மனசு நோகக் கூடாதுன்னு பொய் சொல்றாங்க. எந்தப் பக்கம் போனாலும் கதவு சாத்தியிருக்கு.

என்கிட்ட வந்த பொண்ணு அந்த அறைக்குள்ளதான் மாட்டிக்கிட்டிருக்கு.

18)
வியாபாரம்? சில வருஷங்கள்லயே கோடிகள் கொட்டிச்சு. லாம்பர்ட் தன்னை "ஹாலிடோசிஸின் தந்தை"ன்னு தானே கிண்டல் பண்ணிக்குவார். 1920-கள் முடியறதுக்குள்ள கம்பெனியை விட்டு வெளியே வந்து, பந்தயப் பாய்மரக் கப்பல் ஓட்டப் போயிட்டார்.

ஒரு உபரித் தகவல்: 1927-ல் அட்லாண்டிக் கடலைத் தனியா பறந்து கடந்த சார்லஸ் லிண்ட்பெர்குக்குப் பணம் கொடுத்து உதவினவங்கள்ல ஜெரார்டோட அண்ணன் ஆல்பர்ட் லாம்பர்ட்டும் ஒருத்தர். செயின்ட் லூயிஸ் விமான நிலையத்துக்கு இன்னிக்கும் அவர் பேர்தான்.

19)
வாயோட நிக்கலை. 1921-ல் இருந்து, சளிக்கும் தொண்டைவலிக்கும் லிஸ்டரின் நல்லதுன்னு விளம்பரம் வந்தது. அரை நூற்றாண்டு ஓடிச்சு.

1975-ல் அமெரிக்காவோட மத்திய வர்த்தக ஆணையம், "இது சளியைத் தடுக்காது, குறைக்காது"ன்னு உங்க விளம்பரத்துலயே நீங்களே சொல்லணும்னு உத்தரவு போட்டது. அடுத்த 1 கோடி டாலர் விளம்பரச் செலவு தீர்ற வரைக்கும்! கம்பெனி கோர்ட்டுக்குப் போச்சு. 1977-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் உத்தரவை உறுதி செஞ்சது.

2005-ல் இன்னொரு வழக்கு. பல்லிடுக்கை நூலால சுத்தம் பண்ற அளவுக்கு இதுவும் வேலை செய்யும்ங்கற விளம்பரம் பொய்யானது, தவறா வழிநடத்தக் கூடியதுன்னு நியூயார்க் நீதிபதி தீர்ப்பு சொன்னார்.

லீவன்ஹூக்கோட வினிகர் ஞாபகம் வருதா?

20)
நியாயமா ஒண்ணு சொல்லிடறேன். மவுத்வாஷ் வெறும் தண்ணி இல்லை. அந்த எண்ணெய்ச் சத்துகள் காரையையும் ஈறு வீக்கத்தையும் கொஞ்சம் குறைக்கும்னு ஆய்வுகள் இருக்கு. 1987-ல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கமும் அதுக்கு அங்கீகாரம் கொடுத்தது. பல் தேய்ச்சிட்டு, கூடுதலா அதையும் பயன்படுத்தலாம்.

ஆனா குப்பையை அள்ளாம சாம்பிராணி போட்டா வீடு எவ்வளவு நேரம் மணக்கும்?

21)
சரி, அறிவியல் என்ன சொல்லுது? கனடாவோட வான்கூவர்ல ஜோசப் டோன்செடிச்ங்கற ஆய்வாளர், 1960-கள்லயும் 70-கள்லயும் வாய்க்காற்றைக் கருவியில விட்டு அளந்தார்.

கிடைச்ச குற்றவாளிகள்: கந்தக வாயுக்கள். ஒண்ணு ஹைட்ரஜன் சல்பைடு, அழுகின முட்டை நாத்தம். இன்னொண்ணு மீத்தைல் மெர்காப்டான். கேஸ் சிலிண்டர் கசிஞ்சா தெரியணும்னு எத்தில் மெர்காப்டான் கலக்கறாங்களே, அதோட தம்பி.

வாயில உதிர்ற செல்கள், உணவுத் துணுக்கு, சளி. இதுல இருக்கற புரதத்தைக் காத்துப் படாத இடத்துல வாழற பாக்டீரியா சாப்பிட்டு விடற வாயு இது.

22)
அந்த பாக்டீரியாவோட பெரிய வீடு எது? நாக்கோட பின்பகுதி! பல் மட்டும் தேய்ச்சா அங்க யாரும் போறதே இல்லை.

இந்த இடத்துல நாம கொஞ்சம் காலரைத் தூக்கி விட்டுக்கலாம். தங்கம், வெள்ளி, செம்பு, வெள்ளீயம், பித்தளையில நாக்கு வழிக்கற கருவி செய்யணும்னு சரக சம்ஹிதை சொல்லுது. நம்ம வீடுகள்ல இன்னிக்கும் அந்த வளைஞ்ச தகடு இருக்கு. ரத்தம் வர அளவுக்குச் சுரண்ட வேண்டாம். பின்னாலிருந்து முன்னால மெதுவா, ரெண்டு மூணு தடவை போதும்.

23)
பொதுவான காரணங்களைச் சுருக்கமா பார்த்துடலாம். பத்துல எட்டு ஒன்பது பேருக்குக் காரணம் வாய்க்குள்ளேயே இருக்கு.

• நாக்குப் படிவு
• ஈறு நோய், காரை, சொத்தை
• சரியா சுத்தம் பண்ணாத பல்செட்
• வாய் வறட்சி: தண்ணி குறைவு, வாயால மூச்சு விடறது, சில பிபி, அலர்ஜி, மனநல மாத்திரைகள் (நீங்களா நிறுத்தாதீங்க, டாக்டர்கிட்ட சொல்லுங்க)
• பீடி, சிகரெட், புகையிலை

காலையில எழுந்ததும் வர்ற நாற்றம் எல்லாருக்கும் உண்டு. தூக்கத்துல எச்சில் குறையும், அவ்வளவுதான். பூண்டு நாற்றம் ரத்தத்துல கலந்து நுரையீரல் வழியா வருது. எத்தனை தடவை பல் தேய்ச்சாலும் நேரம் ஆனாத்தான் போகும்.

24)
வாய்க்கு வெளியே: டான்சில் குழிகள்ல சேர்ற வெள்ளைக் கட்டி, சைனஸ் சீழ், நுரையீரல் சீழ், முத்தின கல்லீரல், சிறுநீரக நோய்கள். வயிறு காரணமா இருக்கறது ரொம்பக் குறைவு.

தள்ளிப் போடக் கூடாதவை மூணு:

• சுகர் உள்ளவர் மூச்சுல பழம் அழுகின வாடை, கூடவே வாந்தி, மூச்சிரைப்பு: அன்னிக்கே ஆஸ்பத்திரி
• குழந்தைக்கு ஒரு பக்க மூக்குல மட்டும் நாற்றமும் சளியும்: உள்ளே பட்டாணியோ ரப்பரோ இருக்கலாம்
• வாயில 2 வாரத்துக்கு மேல ஆறாத புண், குறிப்பா புகையிலை போடறவங்களுக்கு: புற்றுநோய் இல்லைன்னு உறுதி பண்ணணும்

25)
அப்ப அந்தப் பொண்ணுக்கு என்ன? அதுக்கும் மருத்துவத்துல பேர் இருக்கு. தன் உடம்பு நாறுதுன்னு தவறா நம்பி முடங்கற நிலையை 1971-லேயே ஒரு மனநல மருத்துவர் தனியா வகைப்படுத்தி எழுதிட்டார். வாய் நாற்றத்தைப் பொறுத்தவரை ஜப்பானிய ஆய்வாளர்கள் மூணாப் பிரிச்சாங்க. நிஜ நாற்றம். நாற்றம் இல்லை, ஆனா இருக்குன்னு நினைப்பு, விளக்கினா தெளிஞ்சிடும். மூணாவது, எவ்வளவு விளக்கினாலும் விலகாத அச்சம்.

மூணாவதுல இருக்கறவங்களுக்குத் தேவை நாலாவது மவுத்வாஷ் இல்லை. மனநல மருத்துவர். அந்த வேதனை நடிப்பு இல்லை. தயவுசெஞ்சு சிரிக்காதீங்க. அதுல சிலர் உயிரை மாய்ச்சுக்கற எண்ணம் வரைக்கும் போறாங்க.

26)
அவங்ககிட்ட "ஒண்ணும் இல்லை, போ"ன்னு நான் சொல்லலை. ஏற்கெனவே எல்லாரும் சொன்ன பதில் அது. "நாற்றம் இல்லை. ஆனா நீங்க படற பாடு நிஜம். அதுக்கு வைத்தியம் இருக்கு"ன்னு சொன்னேன். மனநல மருத்துவரைப் பார்க்க முதல்ல மறுத்தாங்க. அம்மா பிடிச்சுக் கூட்டிட்டுப் போனாங்க. சிகிச்சை நடக்குது. மாஸ்க் இன்னும் கழட்டலை. ஆனா போன தடவை வந்தப்ப கையை எடுத்துட்டுப் பேசினாங்க.

27)
அந்த 52 வயசுக்காரர்கிட்ட நேரடியாவே சொன்னேன். "அண்ணே, உங்க வாய்ல நாற்றம் இருக்கு. ஈறு கெட்டுப் போயிருக்கு. ஈறு கெட்டா சுகர் ஏறும், சுகர் ஏறினா ஈறு கெடும்."

அவர் மனைவி பக்கம் திரும்பி, "நீ ஏன் சொல்லலை?"ன்னு கேட்டார். அப்படியே ஹியரான்!

அந்தம்மா கொஞ்ச நேரம் பேசலை. "ரெண்டு தடவை சொன்னேன். கோவிச்சுக்கிட்டீங்க. அப்புறம் சொல்லலை"ன்னாங்க.

பல் க்ளீன் பண்ணினா பல்லு ஆடிப் போயிடும்னு பயந்தார். ஆடாது, காரை பிடிச்சிருந்த பல்லோட நிஜ நிலைமை வெளியே தெரியும், அவ்வளவுதான்னு விளக்கி அனுப்பினேன். போய்ட்டு வந்துட்டார். வாடை பெரும்பாலும் போயிடுச்சு. மனைவி நேரா உட்கார்ந்திருந்தாங்க.

28)
ரெண்டு வேண்டுகோளோட முடிக்கறேன்.

உங்களுக்குச் சந்தேகம் இருந்தா, நம்பிக்கையான ஒருத்தர்கிட்ட ஒரே ஒரு தடவை கேளுங்க. மனைவி, கணவர், அக்கா, பல் டாக்டர் யாரா இருந்தாலும் சரி. இருக்குன்னா கோவிச்சுக்காதீங்க. இல்லைன்னா நம்புங்க.

உங்க வீட்டுல யாருக்காவது இருந்தா, தனியா கூப்பிட்டு மெதுவா சொல்லுங்க. எதிரி வந்து சொல்ற வரைக்கும் விட்டுடாதீங்க. நீங்க சொல்லாத இடத்துல விளம்பரம் வந்து பேசும். அது இருக்கறவருக்கும் சொல்லும், இல்லாதவருக்கும் சொல்லும்.

சந்தேகம் இருந்தா கேளுங்க. வெளிப்படையா கேட்கக் கூச்சமா இருந்தா இன்பாக்ஸ்ல வாங்க.